இராமேஸ்வரம் என்று சொல்லிவிட்டேன்

என் மனைவி மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட ஊர் அந்தமான் ஒன்றுதான். மத்திய அரசின் விடுமுறைப் பயணச் சலுகையில் என் கீழ்ப் பணியாற்றியவர்கள் பலர் குடும்பத்தோடு அங்கே போய்வந்தார்கள்; அவர்களுடைய விண்ணப்பங்களில் ஒப்பமிட்டவன் நான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடப்பது ஓர் அதிகாரிக்கு அழகல்ல என்று அவளிடம் சொன்னேன். ஒவ்வொரு முறையும் சொந்த ஊரான தஞ்சாவூருக்கே போனோம். அவள் மறுபடி கேட்கவில்லை.

சென்ற மார்கழியில், தில்லி மயூர் விஹார் வீட்டின் சமையலறை அலமாரியைத் துடைத்தபோது, தட்டில் விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியில் அந்தமானின் வரைபடம் ஒன்று கிடைத்தது. ஒரு சிறு தீவைச் சுற்றி நீல மையால் வட்டமிட்டிருந்தாள். அந்தத் தீவுக்கே, தனியாக, எவருக்கும் விளக்கம் சொல்லாமல் போய்வருவது என்று தீர்மானித்தேன்.

பெட்டி வாங்கிய மறுநாள், பூங்காவில் மேல்மாடிக்காரர் பிடித்துக்கொண்டார். என்னைப் போலவே ஓய்வுபெற்றவர். மனைவியும் உடன் இருந்தார்.

"என்ன சார், புதுப் பொட்டியெல்லாம் வாங்கியாச்சு போல. எங்க பயணம்?"

"ஒரு தீவுக்கு."

"அச்சா! இந்த வயசுல, தனியாவா? பூப்போட்ட சட்டை தெச்சாச்சா சார்?"

அந்த அம்மாள் சால்வையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

"இராமேஸ்வரம். அதுவும் தீவுதான்," என்றேன்.

சிரிப்பு நின்றது. அம்மாள் கைகூப்பினார். "அங்க உங்களத் தனியா விட்ருவோமா சார்? நாங்களும் வரோம். இவர் ரொம்ப நாளா சொல்லிட்டேதான் இருக்கார்."

தில்லித் தமிழர் ஒருவர் இராமேஸ்வரம் போகிறார் என்று தெரிந்தால், அபிஷேகத்துக்குக் கங்கை நீர் கொடுத்தனுப்ப அக்கம்பக்கத்தார் தவறமாட்டார்கள். ஒரே வாரத்தில் என் சாப்பாட்டு மேசையில் ஏழு செப்புச் செம்புகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றின்மீதும் ஒரு குடும்பத்தின் பெயர். அவற்றைத் திருப்பிக் கொடுப்பதானால், பூங்காவில் நான் சொன்னது பொய் என்பதையும் ஏழு வாசல்களில் நின்று சொல்லவேண்டும். அது என்னால் ஆகாது.

இராமேஸ்வரம் இரயிலில் மூவருக்கும் ஒரே பெட்டியில் படுக்கை உறுதியாகிவிட்டது. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொள்ளும் வயதை நான் கடந்துவிட்டேன். வரைபடத்தைப் பழைய மடிப்பின்படியே மடித்து, அவள் வைத்திருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.