காரியக்காரர் குளத்தை வெட்டியவர்கள்

தங்கபாய் சிரித்தால் குளத்தின் மறுகரையில் நிற்கும் கொக்கு எழுந்து பறக்கும் என்று பாறசாலைப் பக்கத்தில் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான், ரொம்பவும் இல்லை. எட்டு மாதத்துக்கு முன், அவளை அடக்கம் செய்த அன்றும், வந்தவர்கள் அவள் பேச்சுகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. பாலராமபுரத்தில் ஒரு துணிக்கடையில் பதினைந்து வருடம் சேலை விரித்துக் காட்டினாள். கணவன் செல்லசாமி இறந்த பிறகு ஊரோடு இருந்து தொழிலுறப்பு என்னும் நூறு நாள் வேலைக்கு இறங்கினாள். இரண்டே வருடத்தில் பெண்கள் குழுவை மேற்பார்க்கும் மேட் ஆனாள். காலையிலும் மதியமும் எல்லாரையும் நிறுத்திக் கைபேசியில் படம் எடுத்து ஆப்பில் ஏற்றுவது மேட்டின் பொறுப்பு. படத்தில் முகம் விழாதவர் அன்று வேலைக்கே வராதவர்.

"முட்டு வரை செளியில நிண்ணாலும் செரி, மூஞ்சி தெரியல்லேண்ணா நீ வீட்டுல கெடந்து உறங்கினதாக்கும்" என்று அதட்டுவாள். ஒருநாள் எல்லா முகமும் விழ வேண்டுமே என்று பின்னால் நகர்ந்து நகர்ந்து குளத்திலேயே விழுந்தாள். கைபேசி மட்டும் தலைக்கு மேலே நனையாமல் நின்றது.

அது காரியக்காரர் குளம். ராஜா காலத்தில் அந்தப் பகுதிக்கு அதிகாரியாக இருந்த நாராயணன் காரியக்காரர் வெட்டியது என்பது ஊர்ப் பேச்சு. தங்கபாயின் குழு அதில் முப்பது நாள் செளியும் சேறும் வாரிக் கரை கட்டியது. வேலை முடிந்தால் கரையில் ஒரு தகவல் பலகை வைக்க வேண்டும். முன்பக்கம் அலுவலகம் சொன்னபடி. பின்பக்கம் சும்மாதானே கிடக்கிறது, குளத்தின் வரலாற்றை எழுதுவோம் என்றான் ஜெயன்.

ஜெயன் காரியக்காரரின் வழியில் வந்தவன், குளப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவன், மருந்துக்கடைக்காரன். எல்லாவற்றுக்கும் முன்னால், ஐந்தாம் வகுப்பில் தங்கபாயோடு படித்தவன். வீட்டில் இருந்த பழைய ஓலையை ஆள் வைத்துப் பெயர்த்து எழுதி, அந்தத் தாளோடு கரைக்கு வந்தான். தன் முன்னோரான அப்பூப்பன் எத்தனை பெரிய வேலை செய்தார் என்று எல்லாரும் கேட்கட்டும் என்று உரக்கவே வாசித்தான்.

"குளம் வெட்ட இறங்கியது: காளை எட்டு. அடிமை ஆள் இருபத்து மூன்று. சாத்தன், காளி, நீலி, சொங்கன்..."

வாசிக்க வாசிக்க அவன் குரல் தானாகவே தணிந்தது. பெண்கள் கூடையை இறக்கி வைத்தார்கள்.

"இப்பம் பலகையில என்ன எழுதப் போற?" என்று கேட்டாள் தங்கபாய்.

"காரியக்காரர் வெட்டின குளம்ணு."

"இருபத்து மூணு பேரு நிண்ணுருக்கு. நான் மேட்டாக்கும், ஜெயா. ஆளுகளுக்க முகம் இல்லாத படத்த நான் ஏத்தமாட்டேன். அந்தப் பேருகளையும் எழுது. அடிமைண்ணும் எழுது."

ஜெயனுக்குச் சுர்ரென்றது. "எனக்க அப்பூப்பனக் கூண்டுல ஏத்தப் போறியா? அண்ணைக்கு எல்லாரும் அப்படித்தான் இருந்தாங்க. ராஜாவே அடிமைய ஒழிச்சது ஆயிரத்து எண்ணூத்தி அம்பத்தஞ்சுல. இப்பளத்த சட்டத்த வச்சு அப்பளத்த ஆள விசாரிச்சா யாரு பாக்கி நிப்பா?"

"எல்லாரும்ணா யாருலே? காளியும் அண்ணைக்கு உள்ளவதானே? அவகிட்ட கேட்டிருந்தா செரிண்ணு சொல்லியிருப்பாளா?"

ஜெயன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். கூடை தூக்கிய ஸ்ரீகுமாரி, "இதுக்கு மருந்து அண்ணனுக்க கடையிலேயும் கிட்டாது" என்றாள். கரை முழுக்கச் சிரிப்பு. ஆனால் ஜெயன் லேசில் விடுகிறவன் இல்லை.

"செரி, உனக்க சபைக் கல்லுல என்ன எழுதியிருக்கு? துரை கட்டின ஆலயம்ணுதானே? துரையா வெயில்ல கல்லு சுமந்தாரு?"

இப்போது சிரிப்பு அந்தப் பக்கம் திரும்பியது. "தங்கக்கா, மாட்டியாச்சு" என்றாள் அதே ஸ்ரீகுமாரி.

உண்மையிலேயே மாட்டித்தான் போனாள். ஆலயத்தின் அந்தக் கல்லை எழுத்துக் கூட்டி வாசித்துத்தான் அவள் சின்ன வயதில் வாசிக்கவே கற்றாள். அடிமைக் கட்டிலிருந்து வெளியே வந்து சபையில் சேர்ந்தவர்கள் தன் முன்னோர் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறாள். அந்தக் கல்லை அவர்களில் யார் சுமந்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெள்ளைக்கார மிஷனரித் துரை நல்லவர், அவ்வளவுதான். நல்லவரைக் கேள்வி கேட்பதற்கு நாக்கு எழாது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஜெயனுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்!

"ஞாயிற்றுக்கிழமை உனக்க சபையில எந்திரிச்சு இதையே கேளு. கேட்டா, இருபத்து மூணு பேரும் பலகையில வரும். இது எனக்க வாக்கு" என்றான் ஜெயன்.

செளியில் நிற்க அஞ்சாதவள் ஆராதனை முடிந்து கூடிய சபைக் கூட்டத்தில் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். துரையின் பேருக்குக் கீழே, கல்லும் மரமும் சுமந்து ஆலயம் கட்டிய நம் முன்னோர் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றாள். செயலாளர் பொன்னுதாஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

"அது அண்ணைக்கு உள்ள வழக்கம், தங்கபாய். துரை இல்லேண்ணா நமக்கு எழுத்து உண்டா, பள்ளிக்கூடம் உண்டா?"

ஜெயனே வெள்ளைச் சட்டை போட்டு எதிரே நிற்பதுபோல இருந்தது. சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எழுத்து தந்தாரு, அண்ணே. யாரும் இல்லேண்ணு சொல்லல்ல. அந்த எழுத்துல நமக்க ஆளுகளப் பத்தி ஒரு வரிகூட இல்லியே, அதத்தான் கேக்குதேன்."

கை தூக்கச் சொன்னார்கள். அவள் பக்கம் ஏழு கை, எதிர்ப்பக்கம் பதினொன்று.

வெளியே வாசலில் ஸ்கூட்டரோடு ஜெயன் நின்றான். அவள் கேட்பாளா மாட்டாளா என்று பார்க்கவே வந்திருந்தான்.

"கேட்டியா?"

"கேட்டேன். தோத்தும் போனேன்."

"கேக்கணும்ணுதானே சொன்னேன். செயிக்கணும்ணு சொல்லல்லியே. ஏறு."

பெயின்டர் மனு தாளையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தான். காரியக்காரரின் பேரைப் பெரிதாகப் போட முன்பே கோடு இழுத்து வைத்திருந்தான். அதன்கீழே இருபத்து மூன்று பேருக்கும், அடிமைகளாக இருந்து இக்குளத்தை வெட்டியவர்கள் என்ற வரிக்கும் இடம் போதாது.

ஜெயன் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தான். "அப்பூப்பனுக்க எழுத்தச் சிறிசாக்கு."

மனு துணியால் கோட்டை அழித்து, விரல் அகலத்துக்குப் புதுக்கோடு இழுத்தான். தங்கபாய் குனிந்து பார்த்தாள்.

"அத்தற சிறிசு வேண்டாம், மனு. ஊருக்கு ஒரு குளம் வேணும்ணு நெனச்ச ஆளாக்கும். மத்தவங்களுக்க அளவுல எழுது."