ஸ்டாண்டில் ஓடிய சைக்கிள்

அண்ணன் இறந்துபோன பிறகு அவருடைய சைக்கிள் ஓர் அடிகூட நகர்ந்ததில்லை. ஆனாலும் அது ஓடிய ஓட்டத்தில்தான் எங்கள் குத்தகை நிலம் எங்களிடம் தங்கியது.

அந்த வருஷமே அண்ணிக்கு மூட்டு வாதம். இரண்டு முழங்காலும் பலாப்பிஞ்சுபோல வீங்கிக்கொண்டன. நடக்கவே முடியாதவள் எப்படிப் பயிர் செய்வாள், குத்தகைப் பதிவில் புருஷன் பெயருக்குப் பதிலாக அவள் பெயரை ஏற்றக் கூடாது என்று மிராசுதார் மனுக் கொடுத்துவிட்டார். சம்பா நடவின்போது தாசில்தார் வயலுக்கே வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அசைந்தால் மூட்டு தேய்ந்துவிடும் என்று பயந்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி அண்ணியைப் படுக்கவைத்தேன். நெல் மூட்டையைக்கூட அவ்வளவு இறுக்கிக் கட்டியதில்லை நான். மாத்திரையில் வீக்கம் வடிந்த பிறகும் கட்டை அவிழ்க்கவில்லை.

தஞ்சாவூர் டாக்டரம்மா என்னைத்தான் முறைத்தார். "யாருய்யா கட்டினது? குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள்ள இருக்கிற நீர்தான் அதுக்குச் சோறு. மடக்கி நீட்டினாத்தான் அது உள்ள ஊறும். நீ பட்டினி போட்டிருக்கே!"

"வாதத்துல அரிச்ச குருத்தெலும்பு பழையபடி வளருங்களா?"

"பழையபடி வராது. ஒட்டுப் போட்டாப்புல கொஞ்சம் மூடும். பாரம் ஏத்தாம ஆட்டிக்கிட்டே இருக்கணும்."

அதற்குத்தான் அண்ணன் சைக்கிள். ஸ்டாண்டு போட்டு, நாற்காலி வைத்து அண்ணியை ஏற்றினேன். காலையும் மாலையும் மிதிப்பார். தெருவே சிரித்தது. நான் பின்னால் கேரியரை விடாமல் பிடித்திருப்பேன்.

"நிக்கிற வண்டியில நான் எங்க தம்பி விழப்போறேன்? எதுக்குப் புடிக்கிறீங்க?"

"இதுக்குப் பிரேக் இல்லீங்க அண்ணி."

மூன்று மாதம் கழித்து, தாசில்தார் முன்னால் அண்ணி தானாகவே வரப்பிலிருந்து சேற்றில் இறங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இரண்டு வரிசை நட்டு முடித்திருந்தார்.

மிராசுதாரின் காரியஸ்தருக்குப் பொறுக்கவில்லை. "காலு பழையபடி ஆயிடுச்சாக்கும்?"

"பழையபடி இல்லீங்க. ஒட்டுப் போட்டிருக்கு. வயல்ல இறங்கப் போதும்" என்றார் அண்ணி.

தாசில்தார் அண்ணியின் பெயரை எழுதிக்கொண்டார்.

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் என் வலது முழங்கால் வீங்கியது. ஸ்கேன் வரிசையில் நிற்கும்போதே டி.வி. யாருக்கு, கைக்கடிகாரம் யாருக்கு என்று மனசுக்குள் பிரித்துக் கொடுத்துவிட்டேன். வீக்கம் வடிந்ததும், இந்தக் கால டாக்டரும் டாக்டரம்மா சொன்னதையேதான் சொன்னார். வீட்டுக்கு வந்து, துருவேறிக் கிடந்த அந்தச் சைக்கிளைத் துடைத்து ஏறி உட்கார்ந்தேன். பெடலில் கால் வைத்தேன், மிதிக்கவில்லை.

பின்னால் வண்டி லேசாக அழுந்தியது. திரும்பிப் பார்த்தேன். எழுபதைத் தாண்டிய அண்ணி கேரியரை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார்.

"மிதிங்க தம்பி. இதுக்குத்தான் பிரேக் இல்லையே."