யார் பிள்ளையும் சாப்பிடாத ஊர்

மாலை ஆறு மணிக்கு எங்கள் குடியிருப்பின் வாசலில் வந்து நின்றால் இந்த ஊரில் பஞ்சம் வந்துவிட்டதோ என்று நினைப்பீர்கள். மயிலாப்பூர்க் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்று மாடி, பன்னிரண்டு வீடு. அந்த நேரத்துக்குப் பாதி வீடுகளிலிருந்து கிண்ணங்கள் இறங்கி வரும். ஒரு கையில் கிண்ணம், இடுப்பில் குழந்தை. நாயைக் காட்டி ஒரு வாய், இஸ்திரி வண்டியைக் காட்டி ஒரு வாய், தெருமுனையில் திரும்பும் பஸ்ஸுக்கு டாட்டா சொல்ல வைத்து ஒரு வாய். பருப்புச் சாதம், தயிர்ச் சாதம், நெய் மணக்கும் இட்லி எல்லாம் கண்ணெதிரே காணாமல் போய்க்கொண்டிருக்கும். ஊட்டுகிறவர்கள் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொல்லிக்கொள்வார்கள்: "எங்க, ஒண்ணுமே சாப்பிடறதில்ல."

நான் ஈப்போக்காரன். ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில், படிப்பை முடித்துக்கொண்டு, மற்றதையெல்லாம் மனிதர்கள் பேசுவதைக் கேட்டுக் கற்றுக்கொண்டவன். கோலாலம்பூரில் இரண்டு வருடம் வேலை பார்த்த நித்யாவைக் கல்யாணம் செய்து, மகள் இனியாவுக்கு ஒரு வயது ஆனபோது அவளுடைய ஊருக்கே வந்துவிட்டேன். இப்போது இனியாவுக்கு இரண்டே கால் வயது. மலேசியாவில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்கு வீட்டில் உட்கார்ந்தபடி மலாயில் பதில் சொல்வது என் வேலை. அங்கே ஐந்து மணி ஆனால் இங்கே இரண்டரை. நான் ஹெட்போனைக் கழற்றும்போது நித்யா செருப்பை மாட்டுவாள். அவள் பிசியோதெரபிஸ்ட், தி. நகரில் மாலை நேர கிளினிக். அதிலிருந்து எட்டு மணி வரை சமையலறையும் மகளும் என் ராஜ்ஜியம். எனக்குச் சமையல் என்றால் உயிர்.

ஈப்போவில் இதைப் படிக்கிறவர்களுக்கு எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, எப்படி என்று தெரியும். வரிசை வீடு. இடப்பக்கம் மலாய்க்காரக் குடும்பம், எதிர்வீட்டில் சீன ஆன்ட்டி. என் அம்மா என்னை வாசலில் உட்கார வைத்து ஊட்டும்போது யாராவது கடந்து போனால் போதும், தட்டைத் தூக்கிக் காட்டுவார். "ரெண்டாவது தட்டு லா!" சீன ஆன்ட்டி என் கன்னத்தைக் கிள்ளி, "பாண்டாய் மாக்கான்!" என்பார். சாப்பிடத் தெரிந்த கெட்டிக்காரன் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் எனக்குக் கிடைக்காத பட்டம் அது. கண்ணேறு எங்களுக்குத் தெரியாததல்ல. புதுக் கார் வாங்கினால் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுத்தான் ஓட்டுவோம். ஆனால் எங்கள் வீட்டில் சோற்றுத் தட்டு வரைக்கும் அந்தப் பயம் வந்ததில்லை.

அதனால்தான் இங்கே அந்தத் தவறைச் செய்தேன். கீழ்வீட்டுக் கோமதிக்கு மூன்று வயதில் ஒரு மகன், விச்சு. ஒரு மாலை அவள் அலுத்துப்போன குரலில் சொன்னாள்: "எங்காத்துல இவன் எங்க சார் சாப்பிடறான்? காத்தைக் குடிச்சுண்டு உசிரோட இருக்கான்." எனக்கு அன்று வேறெதுவும் ஓடவில்லை. விச்சுவின் கன்னம் பன்போல இருந்ததைக்கூட நான் கவனத்தில் எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் தேங்காய்ப்பால் விட்டு எங்கள் ஊர் நாசி லெமாக் சோறு சமைத்தேன். அவர்கள் சைவம் என்பதால் நெத்திலி இல்லாமல், பொரித்த வேர்க்கடலையும் வெள்ளரிக்காயும் மட்டும் வைத்து, டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"விச்சுவுக்கு," என்றேன். "வீட்டுல ஒண்ணும் சாப்பிடறதில்லன்னு சொன்னீங்களே. பாவமா இருந்துச்சு."

கோமதி டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அவனுக்கு ஆத்துல சாதம் போடாமலா வெச்சிருக்கேன்?"

"இல்லீங்க, நீங்கதான்…"

"நான் சொன்னேன். அதுக்குன்னு நீங்க நம்பிடுவேளா?"

அன்று கிளினிக்கிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்ட நித்யா, கைப்பையைக்கூட இறக்காமல் சுவரில் சாய்ந்தபடி சிரித்தாள். "லூசு! யாராவது புள்ள நல்லா சாப்பிடறான்னு வாயால சொல்லுவாங்களா? சொன்னா அன்னியோட நின்னுடும். 'சாப்பிடல'ன்னா, நல்லா சாப்பிடறான்னு அர்த்தம்."

"அப்ப நிஜமாவே சாப்பிடலன்னா எப்படிச் சொல்வீங்க?"

"அப்ப சொல்ல மாட்டோம். டாக்டர்கிட்ட போவோம்."

கோமதி நல்லவள். இரண்டு நாள் கழித்து அதே டப்பாவில் புளியோதரை வந்தது. "விச்சு அந்தத் தேங்காய்ச் சாதத்தை லேசா நக்கிப் பார்த்தான் சார்," என்றாள். நானும் அதற்குள் கொஞ்சம் மொழிபெயர்க்கப் பழகியிருந்தேன். வழித்துச் சாப்பிட்டிருக்கிறான்.

புரிந்துகொண்டேனே தவிர, மாறவில்லை. பெருமைப்படுவதில் நான் என் அம்மாவின் பிள்ளை. லிஃப்டில், பூங்காவில், காய்கறிக் கடையில் என்று போகிற இடமெல்லாம் இனியாவின் சாப்பாட்டை அறிவித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு பட்டினப்பாக்கம் மீன் கடைகளுக்குப் போவேன். ஊரில் இக்கான் பிலிஸ் என்று பாக்கெட்டில் காய்ந்து வருகிற நெத்திலி, இங்கே பச்சையாக, வெள்ளியாக, கூறுகட்டிக் கிடக்கும். பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கும். தேவி என்று ஒரு பெண்ணிடம் வாங்குவது வழக்கம். என்னைவிடப் பத்து வயது சின்னவள், இனியா வயதில் அவளுக்கும் ஒரு பையன். என்னை மலேசியாண்ணா என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடமும் ஆரம்பித்தேன். "போன வாரம் நீ குடுத்த வஞ்சிரத்துல இவ தனியா ரெண்டு துண்டு சாப்பிட்டா, தெரியுமா?"

தேவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு மண்ணில் மூன்று முறை துப்பினாள். "வாயக் கழுவுண்ணா! பச்சக் கொயந்தய இப்டியா ரோட்டுல நின்னு ஏலம் உடுவ?"

நான் சிரித்தேன். பக்கத்துக் கடைப் பெண்களும் சிரித்தார்கள். தேவி சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் இனியாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாளில் விட்டுவிட்டது. பசி திரும்பி வரவில்லை. கிண்ணத்தைக் கண்டாலே உதட்டை உள்ளே இழுத்துப் பூட்டிக்கொள்வாள். நான் சும்மா இருக்கிறவனா? நெத்திலி போட்டுக் கஞ்சி, தேங்காய்ப்பால் கஞ்சி, வாழைப்பழ அப்பம், முட்டையில் சூரியன் மாதிரி ஒன்று, கேரட்டில் மீன் மாதிரி ஒன்று என்று கையிலிருந்த வித்தையையெல்லாம் இறக்கினேன். ஸ்பூனை விமானமாக்கி ஓட்டினேன். தப்பித்தவறி ஒரு பருக்கை உள்ளே போனால் கைதட்டி ஆரவாரம் செய்வேன். அடுத்த நொடி அந்தப் பருக்கை வெளியே வந்துவிடும். ஏழு நாள் பாலும் தண்ணீருமாக ஓடியது. இடையில் ஒருநாள் டாக்டர் பரிசோதித்துவிட்டு, காய்ச்சலுக்குப் பிறகு சில பிள்ளைகள் இப்படி இருக்கும், பயமில்லை, ஆனால் எடை இன்னும் இறங்கினால் திரும்ப வந்துவிடுங்கள் என்றார். எடைக் கருவியில் நின்ற மகளின் முழங்கால் எலும்பை நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"எல்லாம் உன் வாய்தான்," என்றாள் நித்யா, வீட்டுக்கு வந்ததும். முதல் தடவை சொன்னபோது அதில் பாதி விளையாட்டு இருந்தது. சனிக்கிழமை சொன்னபோது இல்லை. "திங்கக்கிழமை கிளினிக்ல சொல்லிடறேன். இனிமே சாயங்காலம் வர முடியாதுன்னு."

"எதுக்கு?"

"நானே ஊட்டறேன். சாப்பிடறாளான்னு பாப்போம்."

பக்கவாதம் வந்த ஒருவரை ஆறு மாதமாக நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தாள் நித்யா. அந்த வாரம்தான் அவர் கைத்தடி இல்லாமல் நான்கு அடி வைத்திருந்தார். அதை விட்டுவிட்டு வருகிறேன் என்கிறாள். எனக்குக் கவலை இரண்டு. அவளுடைய வேலை போகும் என்பது ஒன்று. இன்னொன்றை வாய்விட்டுச் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். இந்த ஊரில் தெரு அவளுடையது, மொழியின் ராகம் அவளுடையது, சொந்தக்காரர்கள் அவளுடையவர்கள். மகளுக்கு நான் சோறூட்டுகிற அந்த மாலை ஒன்றுதான் இங்கே முழுக்க என்னுடையதாக இருந்தது.

மறுநாள் காலை இனியாவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் பட்டினப்பாக்கம் போனேன். கொழுத்த நெத்திலியாகப் பார்த்து வாங்கி, மதியத்துக்குள் கடைசியாக ஒரு முயற்சி செய்துவிடுவது என்று திட்டம். பத்து மணி இருக்கும். காலைக் கூட்டம் வடிந்து, தேவி மீன் பலகைக்குப் பின்னால், சாலைக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். எதிரில் அவள் மகன். நடுவில் ஒரு தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி, கவிழ்த்த மூடியில் மொறுமொறுவென்று வறுத்த நெத்திலி. இருவரும் யாரும் பார்க்காதபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பசியாறிக்கிட்டு இருக்கியா? சாப்பிடு, சாப்பிடு. நான் நிக்கிறேன்," என்றேன். காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்பது எங்கள் ஊர்ப் பேச்சு.

தேவி திரும்பி இனியாவைப் பார்த்தாள். "இன்னாண்ணா, கொயந்த இப்டி வாடிக் கீது?"

காய்ச்சலைச் சொன்னேன். ஏழு நாளைச் சொன்னேன். கைதட்டியதையும் விமானம் ஓட்டியதையும்கூட ஒப்பித்தேன். "அன்னிக்கே சொன்னேன்," என்று அவள் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் அதைச் சொல்லவில்லை. "கீய உடு அத்த," என்றாள்.

இறக்கிவிட்டேன். இனியா சற்று நேரம் மீன் செதிலை மிதித்துக்கொண்டு நின்றாள். பிறகு தேவியின் மகனுக்குப் பக்கத்தில் போய், அவனைப் போலவே குந்தினாள். அவன் ஒரு நெத்திலியை எடுத்தான். இவளும் ஒன்றை எடுத்தாள். வாயில் போட்டாள். கடித்தாள்.

"ஆ! இனியா! சாப்பிடறா பாரு!" என் கை தானாக ஃபோனை எடுத்துக் கேமராவைத் திறந்துவிட்டது. இனியா மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். உதடு உள்ளே போகத் தொடங்கியது.

"யோவ், இன்னா சினிமா புடிக்கிறியா?" தேவி கத்தினாள். இதுவரை என்னை 'யோவ்' என்று கூப்பிட்டவளில்லை. "பத்து நாளா அது வாயையே மொறச்சுப் பாத்துக்கினு கீற. எப்டித் துன்னும்? அந்தாண்ட திரும்பு!"

"நான் சும்மா…"

"திரும்புண்ணா!"

ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பி நின்றேன். கண்ணேறு உண்டா இல்லையா என்று இதைப் படிக்கிறவர்கள் சண்டை போட்டுக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்தப் பத்து நாளும் என் மகளின் முகத்துக்கு நேரே ஒரு ஜோடிக் கண் இருந்துகொண்டே இருந்தது. அது என்னுடையது.

பின்னால், தூக்கில் கரண்டி இடிக்கும் சத்தம். கஞ்சி உறிஞ்சும் சத்தம், முதலில் ஒன்று, பிறகு இரண்டு. அது தேவியுடையதா, பையனுடையதா என்று காது கூர்ந்தேன். நெத்திலி மொறுக்கென்று உடைந்தது. "அது என்தூ!" என்றான் பையன். "இல்ல! என்து!" என்றாள் என் மகள். ஏழு நாளாக அழக்கூடத் தெம்பில்லாமல் இருந்தவள், ஒரு மீனுக்காக வழக்குப் பேசுகிறாள். தேவி இருவரையும் சேர்த்துத் திட்டினாள். அதற்குப் பிறகு மறுபடியும் மெல்லும் சத்தம்.

சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. நித்யா. "எங்க இருக்க? ரவா கஞ்சி பண்ணி வெச்சிருக்கேன், சீக்கிரம் கூட்டிட்டு வா. பசி தாங்க மாட்டா…"

திரும்பாமலே ஃபோனைத் தோளுக்குப் பின்னால் நீட்டிப் பிடித்தேன். கை வலிக்கும் வரை பிடித்திருந்தேன். அந்த நேரம் பார்த்து இனியா, "இன்னும்," என்றாள். தூக்கு மண்ணில் இழுபட்டது. ஃபோனைக் காதுக்குக் கொண்டுவந்தேன்.

"திரும்பிப் பாத்துடாத," என்றாள் நித்யா, கோயிலுக்குள் பேசுகிறவள் போல.

"பாக்கல. நித்யா, நாளைக்குக் கிளினிக்ல…"

"நாளைக்கு என் பேஷன்ட் மாடிப்படி ஏறப்போறார். நீ பேசாம நில்லு." வைத்துவிட்டாள்.

பேசாமல் நின்றேன். வெயில் நேரே முகத்தில் அடித்தது. எனக்கு முன்னால் சாலை, அதற்கப்பால் படகுகள், அதைத் தாண்டிக் கடல். அதைக் குறுக்கே கிழித்துக்கொண்டு தென்கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் என் அம்மா இருக்கிற மண். அங்கே இப்போது மதியம் தாண்டியிருக்கும், அவர் சோறு வடித்துவிட்டுத் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருப்பார். அம்மா, உங்கள் பேத்தி சாப்பிடுகிறாள் என்று அந்தக் கரைக்குக் கேட்கும்படி கத்த வேண்டும்போல இருந்தது. தொண்டை வரை வந்துவிட்டது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கண் முழுக்க அந்தப் பக்கம் இருந்தது. முதுகு முழுக்கக் காதாகி இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது.