ஏபி குரூப் ஆசாமியின் மஞ்சள் நீர்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாகட் அபார்ட்மென்ட்டில் ரத்த தான முகாம். மனைவி போட்ட அதட்டலில் நானும் போய் உட்கார்ந்தேன்.

"என் ரத்தம் வேஸ்ட் மேடம். ஏபி குரூப். இன்னொரு ஏபிக்குத்தான் ஆகும்" என்று இந்தியில் ஜோக் அடித்தேன். முப்பது வருடமாக அடிக்கிற ஜோக். ஊசிக்குப் பயந்தவனுக்கு இதைவிட கௌரவமான சாக்கு உண்டா?

டெக்னீஷியன் பெண் சிரிக்கவில்லை. "பிளாஸ்மா தோ சப்கோ சல்தா ஹை, அங்கிள்!" என்றார். பிளாஸ்மாவை மட்டும் எல்லோருக்குமே ஏற்றலாமாம்!

விளக்கவும் செய்தார். ரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரித்துவிட்டால் மிஞ்சுகிற மஞ்சள் நீர்தான் பிளாஸ்மா. பத்தில் ஒன்பது பங்கு வெறும் தண்ணீர். மீதியில்தான் விஷயமே இருக்கிறது — உப்பு, சர்க்கரை, ஹார்மோன், நோயை எதிர்க்கிற புரதம், காயம் பட்டால் ரத்தத்தை உறைய வைக்கிற புரதம். மற்ற குரூப்காரர்களின் பிளாஸ்மாவில் வேறு குரூப் ரத்தத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள் உண்டு. ஏபியில் அது கிடையாது.

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. பஷீர் பாய்...

பாய் என் பழைய நண்பர். பூர்வீகம் மேலப்பாளையம், பிறந்து வளர்ந்து லேத் பட்டறை வைத்திருப்பது இங்கே பக்கத்துக் கசார்வாடியில். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய தம்பி பைக்கில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு போன் செய்தார்.

"சார், தம்பிக்கு ரத்தம் நிக்கவே மாட்டேங்கு. டாக்டரு பிளாஸ்மா கேக்காரு. அவன் ஏ குரூப்பு. ஒங்களுக்கு என்ன குரூப்பு சார்?"

"அடடா, நான் ஏபி ஆச்சே பாய்... பிரயோஜனமில்லையே!"

பிளாஸ்மா என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? உண்மையைச் சொன்னால், அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது.

மறுநாள் மதியம் தம்பி இறந்துபோனான். முப்பத்தோரு வயது.

நான் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானா? தெரியாது. கொடுத்திருக்கலாம் என்பது மட்டும் இப்போது தெரியும்.

சொல்லிவிடுவது என்று முந்தாநாள் கசார்வாடிக்குப் போனேன். டீ வந்தது. தம்பி பேச்சும் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க என்ன சார் செய்வீங்க? ஒங்க குரூப்பு அப்படி. ஒத்து வந்திருந்தா குடுத்திருக்க மாட்டீங்களா?"

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பாய்க்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.