ஒழுகுவதை நிறுத்திய கார்

கீத் ஆல்சாப்பைக் கெட்டிக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. பொறுமைசாலி என்று சிலர் சொல்வார்கள். அவர் மனைவி வெண்டி அதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். இங்கிலாந்தில் நனீட்டன் ஊரின் குடிநீர் வாரியத்தில் ஒழுகல் பார்ப்பவராகவே காலத்தைக் கழித்தவர் கீத். தெருவில் ஒரு மரக்கோலை ஊன்றி, மேல் முனையைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பூமிக்குள் எந்தக் குழாய் எங்கே கசிகிறது என்று கேட்பதுதான் அவர் உத்தியோகம். ஓய்வு பெற்ற அன்று வாரியம் அந்தக் கோலையே பரிசாகக் கொடுத்து அனுப்பியது. கைக்கடிகாரமாக இருந்திருந்தால் வெண்டி இன்னும் கொஞ்சம் மதித்திருப்பார்.

அப்படிப்பட்ட மனிதர் ஆசைப்பட்டு வாங்கிய கார் ஒழுகியது.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையை மடித்துவிடும் பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். கீத் அரைக்கால் சட்டையோடு பள்ளிக்கூடம் போன நாட்களில் ஓடியது. அவர் வாங்கும்போது அது கார் என்று சொல்லும் நிலையில் இல்லை. ஒரு பண்ணைக் கொட்டகையில், பாதி துருவாகவும் பாதி அட்டைப் பெட்டிகளாகவும் கிடந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜில் பல குளிர்காலங்கள் கம்பளிக் குல்லாயும் மின்சார அடுப்புமாக உட்கார்ந்து அதை ஒன்று சேர்த்தார். ஒன்று சேர்ந்தது, ஓடியது. நின்ற இடத்தில் சொட்டியது.

அந்தக் காலத்து இன்ஜின்களில் சிலவற்றுக்குப் பின்பக்கம் ரப்பர் அடைப்பு கிடையாது. திருகாணியில் இருப்பதுபோல் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். இன்ஜின் சுற்றும்போது, வெளியே வரப் பார்க்கும் ஆயிலை அந்தப் பள்ளம் உள்ளே திருப்பி அனுப்பும். இன்ஜின் நின்றுவிட்டால் திருப்பி அனுப்ப ஆளில்லை. பழைய கார் கிளப்பில் இதை யாரும் குறையாகப் பேசுவதில்லை. சொட்டினால்தான் உள்ளே ஆயில் இருக்கிறது என்று பொருள் என்பார்கள். முதலில் வேடிக்கையாகச் சொன்னதுதான். சொல்லிச் சொல்லி வேடிக்கை தேய்ந்துபோய் நம்பிக்கை மட்டும் மிஞ்சியிருந்தது.

கீத்தும் நம்பினார். ஞாயிற்றுக்கிழமைதோறும், அடுப்பில் மாட்டிறைச்சி வெந்துகொண்டிருக்கும் நேரத்தில், ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகி உருவிப் பார்ப்பார். கோட்டுக்குக் கீழே நிற்கும். கோடு தொடும்வரை ஊற்றுவார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊற்றியதெல்லாம் தரைக்கு வந்திருக்கும். வாரியத்தின் கோலை இன்ஜினில் வைத்துக்கூடக் கேட்டுப் பார்த்தார். தன் காது இரைச்சல்தான் கேட்டது.

எல்லாம் வெண்டி முன்வாசலில் கல் பதிக்கும்வரை பிரச்சினையில்லாமல் போயிற்று.

தெருவில் எல்லா வீட்டு முன்வாசலும் கான்கிரீட்டாகவோ தாராகவோ இருந்தது. வெண்டிக்கு மணற்கல் பலகைதான் வேண்டும், அதுவும் வெண்ணெய் நிறத்தில். ஆட்கள் வந்து போட்டுவிட்டுப் போன அன்று மாலை, காலணியைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து பார்த்தார். பிறகு கீத்தைக் கூப்பிட்டார்.

"அந்த வண்டி வெளிய போகணும்னா இது மேலதானே போகணும்?"

"வேற வழி இல்லையே."

"ஒரு சொட்டு, கீத். ஒரே ஒரு சொட்டு விழட்டும். அன்னிக்கே அதை வித்துடணும்."

"வேணும்னா சொட்டுது? அதோட அமைப்பு அப்படி."

"என்னோட அமைப்பு இப்படி" என்றார் வெண்டி.

வெண்டி சொன்னால் சொன்னதுதான். அவர் புகைப்பதை விட்டதும், தன் அண்ணனோடு பேசுவதை விட்டதும் இதே குரலில் ஒரு தடவை சொன்னதோடு முடிந்த காரியங்கள். அது கீத்துக்குத் தெரியும். அவருக்கு வேறு பொழுதுபோக்கில்லை. தோட்டத்தில் ஆர்வமில்லை, மதுக்கடையில் ஒரு கோப்பைக்கு மேல் குடித்தால் தூக்கம் வரும். அந்தக் கார் போனால், கராஜில் அவருக்கு மிஞ்சப்போவது மின்சார அடுப்புதான்.

எனவே தற்காப்பில் இறங்கினார். கிறிஸ்துமஸ் வான்கோழி சுடும் தகரத் தட்டை இன்ஜினுக்கு அடியில் கம்பியால் கட்டினார். தட்டு நிறைய, ஆயிலை உறிஞ்சுவதற்காக, பூனை வளர்ப்பவர்கள் அதன் கழிவுப் பெட்டியில் போடும் களிமண் குருணையைக் கொட்டினார். கராஜிலிருந்து தெருவரைக்கும் இன்ஜினைப் போடாமலே, பிள்ளை தூங்கும் தொட்டிலைத் தள்ளுவதுபோல் காரைத் தள்ளிக்கொண்டு போவார். தெருவில் போய் இன்ஜினைக் கிளப்புவார். திரும்பும்போதும் அப்படியே. எதிர்வீட்டுக்காரர்கள் இதற்காகவே திரைச்சீலையை விலக்கிவைத்தார்கள்.

வாராவாரம் குருணை மூட்டை வாங்கப் போனதில் கடைக்கார அம்மாவுக்கு அவர் பழக்கமாகிவிட்டார்.

"கண்ணு, எத்தனை பூனை வச்சிருக்கே?"

காரைப் பற்றி விளக்கத் தொடங்கினால் பின்னால் நிற்கும் வரிசை முணுமுணுக்கும் என்று கீத், "ஒண்ணுதான்" என்றார்.

"ஒண்ணுக்கா இத்தனை மூட்டை? வயித்துக்கு ஏதாச்சும் முடியலியா?"

"ஆமா."

"பேரு என்ன?"

"ஜெரால்டு" என்றார் கீத். எங்கிருந்து வந்த பேரோ.

ஒருநாள் வெண்டி அந்தக் கடைக்குப் போனபோது, ஜெரால்டின் வயிறு இப்போது எப்படி இருக்கிறது என்று அந்த அம்மா உருக்கமாகக் கேட்டு, இனாமாக ஒரு சிறிய மீன் டப்பாவும் கொடுத்தார். வெண்டி டப்பாவை வாங்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து, அதை கீத்தின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அந்த வருடம் வசந்தம் சீக்கிரமே வந்தது. முதல் வெயில் நாளில் கீத் காரைத் தள்ளிக்கொண்டு வரும்போது, தகரத் தட்டு நடைபாதை விளிம்பில் இடித்துச் சாய்ந்தது. ஒரு சொட்டு இல்லை, ஒரு டம்ளர். வெண்ணெய் நிறக் கல்லில் கறுப்பாக ஒரு தீவு.

வெண்டி வெளியே வந்து பார்த்தார். கத்தவில்லை. "பாரிகிட்டச் சொல்லி விளம்பரம் குடு" என்றார்.

கிளப்பின் மாத இதழைப் பார்த்துக்கொள்பவர் பாரி. கீத்தின் பழைய நண்பர். தொலைபேசியில் செய்தியைக் கேட்டு, சொந்தக்காரர் இறந்துபோனதுபோல் துக்கம் விசாரித்தார். பிறகு, "என்ன எழுதறது?" என்றார்.

"உள்ளதை எழுது."

"ஒழுகும்னு எழுதவா?"

"எழுது. ஏமாத்தக் கூடாது."

லெஸ்டரிலிருந்து ஃபென்விக் என்று ஒருவர், பாரி மூலமாகவே, வந்து பார்ப்பதாகச் சொன்னார். அதற்கு நடுவில் வெண்டியின் தங்கை வீட்டுக்கு, வேல்ஸ் கடற்கரைக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே மழை பெய்தது. கீத் ஜன்னலோரம் உட்கார்ந்து, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தான் எப்பவும் இவ்ளோ கலகலப்பா?" என்று வெண்டியின் தங்கை கேட்டார்.

அவர்கள் திரும்பி வந்தது ஃபென்விக் வரவிருந்த சனிக்கிழமைக்கு முன் வந்த வியாழக்கிழமை. கராஜில் தட்டு நிறைந்து கிடந்தது. கீத் அதைக் கொட்டிவிட்டு, அடியில் புது அட்டையை விரித்து, காரைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்து அதன்மேல் நிறுத்தினார். மறுநாள் காலை அட்டையை இழுத்துப் பார்த்தார்.

அட்டை காய்ந்து கிடந்தது.

வேறொருவராக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கீத் அவசரமாக இன்ஜின் மூடியைத் திறந்தார். அளவுக் கம்பியை உருவினார். கோட்டுக்கு வெகு கீழே, நுனியில் மட்டும் லேசாக ஈரம். முடிந்தது. உள்ளே ஆயில் இல்லை. ஆயில் இல்லாத இன்ஜினைத் தெருவைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

தொலைபேசியில் சொன்னதும் பாரி ஓடி வந்தார். இருவரும் காய்ந்த அட்டைக்கு இரண்டு பக்கமும் குந்திக்கொண்டு, நாடி கிடைக்காத நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"சுத்தமா நின்னுடுச்சா?"

"சுத்தமா."

"நல்லா இல்லையே."

"நாளைக்கு அந்த ஆள் வர்றான். இப்பவே நாலு டின் ஊத்திடட்டுமா?"

"இருய்யா. உள்ள எவ்ளோ இருக்குன்னு முதல்ல பாப்போம். கீழ் போல்ட்டைக் கழட்டு."

கீத் அடியில் படுத்துக் கழற்றினார். பாரி வாளியைப் பிடித்தார். ஆயில் வந்தது. வந்துகொண்டே இருந்தது. வாளியை மாற்றினார்கள். கடைசியில் வெண்டியின் சமையலறை ஜாடியால் அளந்து பார்த்தபோது, கார் கையேட்டில் எவ்வளவு போட்டிருந்ததோ அவ்வளவும் இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பாரி அளவுக் கம்பியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கையேட்டுப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"யோவ், இது இந்த இன்ஜின் கம்பியே இல்ல. வேற ஏதோ வேன் கம்பி. கோடு ரெண்டு விரல்கடை மேல இருக்கு."

கீத் கையேட்டுப் படத்தைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப நீ இத்தனை நாளும் அளவுக்கு மேல ஊத்தியிருக்கே. மேல நின்ன ஆயில் பின்னாடி வழியா வெளியேறியிருக்கு. நீ மறுபடி ஊத்தியிருக்கே. வேல்ஸுக்குப் போய் ஊத்தாம விட்டதும், போக வேண்டியது போயிட்டு நின்னுடுச்சு. எந்த மடையன்யா உனக்கு இந்தக் கம்பியைக் குடுத்தான்?"

"நீதான்."

"நானா?"

"பழைய சாமான் சந்தையில. அதே இன்ஜினோடதுதான், கண்ணை மூடிட்டுப் போடுன்னே."

பாரி கம்பியை மெதுவாகக் கீழே வைத்தார். "டீ இருக்கா?" என்றார்.

ஒழுகியதை ஈடுகட்ட கீத் செய்துவந்த காரியம்தான் ஒழுகலுக்கே காரணம் என்பது அவருக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. மனிதர்கள் தங்கள் பயத்துக்கு இப்படித்தான் தீனி போடுகிறார்கள் என்று யாராவது பெரிதாக யோசித்திருக்கலாம். கீத் யோசித்தது வேறு. இனி ஒரு சொட்டுகூட விழாது. ஆனால் கார் நாளைக்குப் போகிறது. வெண்டியிடம் போய்ச் சொன்னார்.

வெண்டி கேட்டுக்கொண்டார். "நின்னுடுச்சுன்னு நீ சொல்றே. வேனோட கம்பின்னு பாரி சொல்றான். ரெண்டு பேர் பேச்சையும் வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? வர்றவர்கிட்ட வார்த்தை குடுத்தாச்சு, கீத்."

ஃபென்விக் சரியான நேரத்துக்கு வந்தார். ஒல்லியான மனிதர். முழங்காலுக்கு உறை, நெற்றியில் விளக்கு, படுத்தபடி காருக்கு அடியில் உருண்டு போகச் சொந்தமாக ஒரு சக்கரப் பலகை. வெண்டி தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார். ஃபென்விக் கோப்பையைக் காரின் மட்கார்டு மேல் வைத்துவிட்டு அடியில் போனார். நெடுநேரம் சத்தமில்லை. வெளியே வந்தபோது அவர் முகம் இறுகியிருந்தது.

"எங்க?" என்றார்.

"என்ன எங்க?"

"ஒழுகல். விளம்பரத்துல ஒழுகும்னு போட்டிருந்தீங்களே."

"நின்னுடுச்சு" என்றார் கீத். விற்க மனமில்லாவிட்டாலும் உண்மையைச் சொல்ல வேண்டுமென்று, கம்பி, வேன், வேல்ஸ் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

ஃபென்விக் பொறுமையாகக் கேட்டார். "சார், இந்த மாதிரி இன்ஜினை என் வாழ்நாள் பூரா பாத்துட்டிருக்கேன். ஒழுகாத ஒண்ணைப் பாத்ததில்ல. வாங்க ஆள் வர்றதுக்கு முந்தின நாள் திடீர்னு நின்னுடுச்சுன்னு சொன்னா, நான் என்ன நினைக்கிறது?"

"என்ன நினைக்கிறீங்க?" என்றது வெண்டியின் குரல். அவர் பிஸ்கட் தட்டோடு கராஜ் வாசலில் நின்றிருந்தார்.

"ஏதோ பூசி அடைச்சிருக்கார் அம்மா. இல்ல ஆயிலை இறக்கிட்டு வெறும் இன்ஜினை நிறுத்தி வச்சிருக்கார். தப்பா எடுத்துக்காதீங்க, விக்கறவங்க செய்யறதுதான்."

"இவரா?"

"யாரா இருந்தாலும்."

வெண்டி தட்டைப் பணிமேசையில் வைத்தார். மட்கார்டு மேலிருந்த கோப்பையை, அதில் பாதித் தேநீர் இருக்கும்போதே, எடுத்துக்கொண்டார். அந்த வீட்டில் விருந்தாளிக்கு அதைவிடக் கடுமையாக எதுவும் நடந்ததில்லை.

"இந்த மனுஷன் பூனை பேர்ல ஒரு பொய் சொன்னதுக்கே ஒரு வாரம் சரியாச் சாப்பிடல" என்றார். "ஒழுகல் பாக்கறதே இவர் உத்தியோகம். நின்னுடுச்சுன்னு இவர் சொன்னா நின்னுடுச்சு. உங்களுக்கு இந்த வண்டி கிடையாது. பலகையை எடுத்துட்டுக் கிளம்புங்க."

ஃபென்விக் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். தெருமுனை திரும்பும்வரை வெண்டி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீத்திடம் திரும்பினார்.

"வெளிய எடு."

"தள்ளிட்டுப் போகவா?"

"தள்ள வேணாம். இன்ஜினைப் போட்டு எடு. என் கல்லு மேல நிறுத்து."

"தட்டைக் கட்டிடறேன், ஒரு நிமிஷம்..."

"தட்டு வேணாம்."

கீத் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். பாரி நேற்றே சரியான அளவில் ஆயிலை ஊற்றி மூடியிருந்தார், ஆனாலும் பாரியை நம்பி வந்த வழிதானே இது. கார் உறுமிக்கொண்டு வெளியே வந்து, வெண்ணெய் நிறக் கல்லின் நட்டநடுவில் நின்றது. கீத் இன்ஜினை நிறுத்தினார். வெண்டி உள்ளே போய்ச் சாப்பாட்டு அறையிலிருந்து இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து பக்கவாட்டில் போட்டார். கராஜில் விட்டுவந்த பிஸ்கட் தட்டையும் எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டார்.

இருவரும் காருக்கு அடியில் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வெயில் நகர்ந்தது. பழைய கறையைத் தவிரக் கல்லில் புதிதாக எதுவும் விழவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் திரைச்சீலை விலகியது. சற்றுப் பொறுத்து, எதிர்வீட்டுக்காரர் மெர்வின் நாயைக் கூட்டிப்போகிற சாக்கில் வந்து நின்றார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை" என்றார் வெண்டி.

"பின்ன என்ன பாத்துட்டிருக்கீங்க?"

"அதைத்தான்."

மெர்வின் நாயின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, முழங்காலில் கையூன்றிக் குனிந்து, அவரும் பார்த்தார்.