மண்ணூரில் எனக்கொரு சொந்த வீடு

வீட்டில் காசைப் போட்டு, வாடகையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று புறப்பட்டிருக்கும் புதியவர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு யோசனைதான் உண்டு. பெண்டாட்டி ஆசைப்பட்டுக் கட்டிய வீட்டை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நான் சேர்த்தேன். அதனால் பேசத் தகுதி இருக்கிறது.

மண்ணூரில் நாங்கள் கட்டியது குடியிருக்கத்தான். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீட்டிலேயே இருந்து, சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட ஓனர் முகத்தைப் பார்த்தவள் என் மனைவி. ஹாலில் மாதாவுக்கு மாடம், சமையலறையில் பெரிய ஜன்னல், எல்லாம் அவள் சொன்னபடி. ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி வீட்டை மந்திரித்துவிட்டுப் போனார்.

பின்னாலேயே என் நண்பர் வந்தார். கம்பெனியில் என்னோடு ஒரே லைனில் சூப்பர்வைசர். வீடுகளை வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தவர் என்பதால் எங்களுக்கெல்லாம் பொருளாதார மேதை.

"இன்னாப்பா, இம்மாம் பெரிய வூட்டுல ரெண்டே பேரா? மாடிய பசங்களுக்கு வுடு. ஃபேமிலிக்கு மட்டும் குடுத்துடாத. ஃபேமிலின்னா ஒரே வாடகை. பசங்கன்னா தலைக்கு இவ்ளோன்னு வாங்கலாம்."

மாடியை விட்டேன். தெற்கேயிருந்து வேலைக்கு வந்த பையன்கள், தங்கமானவர்கள். அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. வாடகை கைக்கு வந்ததும் எனக்குத்தான் புத்தி கூர்மையானது. கீழே பெட்ரூம் சும்மா கிடப்பதாகப் பட்டது. பிறகு ஹாலும். ஒருவன் ஷிஃப்டுக்குப் போன நேரத்தில் அவன் பாயில் இன்னொருவன் தூங்கலாமே என்று கண்டுபிடித்த அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஆசை வெட்கமறியாது.

கடைசியில் அந்த வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு வாடகை தராமல் இருந்தவர்கள் நாங்கள் இருவர்தான். குன்றத்தூரில் ஒரு சின்ன வீட்டுக்கு வாடகைக்குப் போனோம். ஆணி அடிக்கக் கூடாது என்றார் ஓனரம்மா. என் மனைவி மாடத்திலிருந்து எடுத்து வந்த மாதா சுரூபத்தை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். நானும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் மண்ணூரில் மோட்டார் ரிப்பேர் என்று சொன்னார்கள். அவளும் வந்தாள். நான் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு பையன் நின்றான். அந்த வாரம்தான் வந்து சேர்ந்தவன், எங்களைப் பார்த்ததில்லை. அவனுக்குப் பின்னால் ஹால் தெரிந்தது. மாதாவின் மாடத்தில் ஹெல்மெட் இருந்தது.

"யாரு வேணும்க்கா?" என்றான்.

அவள் மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வூடு வாடகைக்குக் கீதாப்பா? நாங்க ரெண்டே பேருதான்."

பையன் உண்மையாகவே வருத்தப்பட்டான்.

"ஃபேமிலிக்குத் தர மாட்டாவளாம்க்கா. ஓனரு கண்டிஷனாச் சொல்லிருக்காவ."

அவள் திரும்பி வந்து ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள்.

"போலாம் வாங்க. இங்க நமக்குத் தர மாட்டாங்களாம்."