தேங்காய் எழுந்து நின்ற நாள்

கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். என் ஆராய்ச்சி, பிரபஞ்சம் பிறந்த முதல் நொடியில் கிளம்பி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் நியூட்ரினோ துகள்களைப் பற்றியது. ஒரு சுண்டுவிரல் நுனி இருக்கும் இடத்தில் எந்நேரமும் முந்நூறுக்கு மேல் இருக்கும். நம்மைத் துளைத்துப் போகும். இதுவரை யாரும் ஒன்றைக்கூடப் பிடித்ததில்லை. எங்கள் சொந்தத்தில் இதை யாரும் கேட்டதுமில்லை. "ஏட்டுச் சுரைக்காய்" என்று மாமா ஒருவர் சிரிப்பார், அவ்வளவுதான்.

போன கோடையில் வெண்ணந்தூர் பக்கம் அக்காவின் தென்னந்தோப்பு காய ஆரம்பித்தது. நிலத்தடி நீரைக் கருவி வைத்துப் பார்த்தவர் கீழே கெட்டிப் பாறை, போர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அக்காவின் கையில் இருந்த பணத்துக்கு ஒரே ஒரு போர் ஓட்டலாம். இல்லையென்றால் மழை வரும்வரை லாரித் தண்ணீர் விட்டுப் பாதி மரத்தையாவது காப்பாற்றலாம். முடிவெடுக்க முடியாமல் நீரோட்டம் பார்ப்பவரை வரவழைத்தாள். சொந்தக்காரர்களோடு நானும் போயிருந்தேன்.

அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடந்தார். வடமேற்கு மூலையில் அது எழுந்து நின்றது; அங்கே தண்ணீர் இருக்கிறதாம். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துக் கேட்டார்.

"ஏனுங் அம்மிணி, கண்ணுக்குத் தெரியாம ஒண்ணு நம்ம ஒடம்புக்குள்ள பூந்து போகுதுன்னு நீங்கதான் படிச்சிருக்கீங்களாமா?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் பத்து நிமிடம் பேசினேன். நியூட்ரினோவைச் சொன்னேன். கண்ணுக்குத் தெரிகிற பொருளைப்போல் ஐந்து மடங்கு அளவுக்கு இருண்ட பொருள் இருப்பதையும், நட்சத்திரக் கூட்டங்கள் சுழலும் வேகத்தை வைத்தே அதை ஊகிப்பதையும் சொன்னேன். அந்த மாமாகூட வாய் திறந்து கேட்டார்.

"பாத்தீங்களா, அதுதானுங்க என் கையில தெரியறது," என்றார் நீரோட்டம் பார்த்தவர்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இதற்கும் தேங்காய்க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்கிற ஒரு வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அதுவரை தலையாட்டியவர்கள் முகம் சுருங்கும். சிரித்து வைத்தேன்.

அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள். "நீ என்ன சாமி சொல்றே, ஓட்டலாமா?"

"அவரு அனுபவத்துக்கு முன்னாடி நான் என்ன சொல்றதுக்கா," என்றேன். பணிவு மாதிரி இருந்தது. கோழைத்தனம்.

துளை போடும் ரிக் வண்டி ஒரு பகலும் பாதியும் ஓடியது. ஆயிரம் அடிக்கும் தண்ணீர் இல்லை, புகைதான் வந்தது. பாறை மாவு அக்காவின் தலையிலும் புருவத்திலும் படிந்திருந்தது. யாரோ தேங்காய்க்காரரைத் திட்ட, "படிச்சவளே ஓட்டச் சொன்னா, நம்ம நேரம்" என்று அவள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ரிக் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஐப்பசியில், காய்ந்த மரங்களை வெட்டி லாரியில் ஏற்றிய பிறகு, அவளிடம் சொல்லிவிட்டேன். நான் படித்ததற்கும் அந்தத் தேங்காய்க்கும் சம்பந்தமே இல்லை என்று.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

"நான் உன்னையத்தான சாமி கேட்டேன்," என்றாள். "தேங்காயக் கேக்கலியே."